காலை அடிப்பது எதற்காக?

நீச்சலில் கால் எதற்கு? ஃப்ரீஸ்டைலில் உடலை முன்னே இழுப்பது பெரும்பாலும் கைதான். தொடைத் தசைகள் பெரியவை. வேகமாக உதைத்தால் மூச்சையெல்லாம் அவையே தின்றுவிடும். அதனால் நெடுந்தூரம் நீந்துகிறவர்கள் பலர் ஒரு சுற்றுக் கைவீச்சுக்கு இரண்டே உதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இருந்தும் நீச்சல் குளங்களில் பிள்ளைகள் கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு காலடிக்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிணறுகளில் போர்டு கிடையாது. இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டி, தண்ணி மட்டத்துப் படியைப் பிடிக்கச் சொல்லி, "காலை அடிடா" என்பதுதான் முதல் பாடம். அரைமணி நேரம் அடித்தாலும் பையன் ஓரடி நகர்ந்திருக்க மாட்டான்.

பயிற்சியாளர்களிடம் இதற்குப் பதில் உண்டு. உதை இடுப்பை மேலே வைத்திருக்கிறது. கால் தாழ்ந்தால் உடம்பே தண்ணீருக்குத் தடுப்பாகிவிடும். சரியான பதில்தான், ஆனால் அதுவும் வேகக் கணக்கு. நான் கேட்பது வேறு: நம்மை முன்னே கொண்டுபோகாத ஒன்றுக்கு மதிப்பு உண்டா?

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து திரும்பியவர். அவரே 1981இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நின்ற இடத்திலேயே மிதந்தார். எங்கேயும் போகவில்லை. மூழ்காமல் இருந்தார், அதுவே சாதனை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கோமுகி அணையில் தேங்குகிறது. அணை, ஓடை, கிணறு என்று தண்ணீர் உள்ள எந்த ஊருக்கும் தெரிந்த செய்தி ஒன்று உண்டு: தவறி விழுந்த பிள்ளையைக் காப்பாற்ற இறங்கியவரும் போய்விட்டார். பல சமயம் அது அம்மாவோ அக்காவோ. அன்பு குறைந்தா செத்தார்கள்? மூழ்குகிறவரைப் பிடித்த கை அப்புறம் நமக்கு உதவாது. இரண்டு உடம்பையும் கரை சேர்க்கக் கால்தான் மிச்சம்.

முடியாததைச் செய்யும் கடமை யாருக்கும் இல்லை என்பது தத்துவத்தில் பழைய வாதம். ஒப்புக்கொள்கிறேன். நீந்தத் தெரியாதவர் குதிக்க வேண்டாம். கயிறையோ சேலையையோ வீசட்டும். ஆனால் அவருக்கு முடியாமல் போனது அன்றைக்கா, இருபது வருஷம் முன்னாடியா? "பொம்பளப் புள்ளைக்குக் கிணத்துல என்ன வேலை?" என்று மேலேயே நிறுத்திவிட்டார்களே, அன்றைக்குத்தானே? கடமையை அந்தக் கடைசி நொடியில் தேடுவது அநியாயம். அது படிக்கட்டில் தொடங்கியிருக்க வேண்டியது.

நகராமல் உதைத்த அரைமணி நேரத்தின் விலை, கையில் இன்னொருவர் இருக்கும் நாளில்தான் தெரியும். அந்த நாள் வராமலே போகலாம், போனால் நல்லது. இருந்தாலும் இந்தக் கோடையில் தம்பி பிடித்திருக்கும் படியில் தங்கச்சிக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.