ஒன்றும் நடக்கவில்லை

கப்பலையும் படகையும் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. எனக்கு நீந்தத் தெரியாது. பரிசலில் ஏறினாலே சட்டைப் பையில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கூட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறவன் நான். ஏதோ அதற்குள்தான் உயிர் இருக்கிற மாதிரி. ஆனாலும் சென்ற ஆண்டு கோடையில் ஒரு சிறு பாய்ப்படகின் அடிவயிற்றில் இருந்த தண்ணீர்த் தொட்டி என் தூக்கத்தைக் கெடுத்தது. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

என் பழைய சிநேகிதர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரில் இருக்கிறான். ஊருக்கு மேற்கே சாம்ப்ளேன் ஏரி. ஏரி என்று சொல்லிவிடுகிறேனே தவிர, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. இந்தக் கரை வெர்மாண்ட். அந்தக் கரை நியூயார்க் மாநிலம். பையன் (வயது நாற்பதைத் தாண்டிவிட்டது; எனக்கு இன்னும் பையன்தான்) 26 அடி நீளத்தில் ஒரு படகு வைத்திருக்கிறான். காருக்குப் பின்னால் ஒரு வண்டியில் பூட்டி இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கி, மாலையில் அதே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான்.

"பயப்படாம ஏறுங்க மாமா, இது கவிழாது" என்றான். சற்றுப் பொறுத்து, "தொட்டி நிறைஞ்சிருந்தா" என்று சேர்த்துக்கொண்டான்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் எனக்குப் பிடிக்கவில்லை. அது என்ன தொட்டி என்று கேட்டேன்.

பாய் கட்டிய படகு காற்றில் சாயும். சாய்ந்ததைத் திரும்ப நிமிர்த்த அடியில் கனம் வேண்டும். பெரிய படகுகளுக்கு இரும்பையோ ஈயத்தையோ அடியில் பொருத்திவிடுகிறார்கள். அந்தக் கனத்தைச் சாதாரணக் காரால் இழுத்துக்கொண்டு மேடு ஏற முடியாது. ஆகவே இந்த மாதிரிச் சிறு படகுகளில் ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். படகின் அடித்தளத்தில் ஒரு தொட்டி. ஏரியில் இறங்கிய பிறகு ஏரித் தண்ணீரையே அதில் 500, 600 கிலோ நிரப்பிக்கொள்வது. கரை ஏறும்போது வடித்துவிடுவது. 'தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது?' என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்விதானாம். நிரப்பியவுடன் படகு அந்த எடைக்குத் தக்கபடி இன்னும் கொஞ்சம் ஆழ்ந்து உட்காருகிறது. பாரம் அடியிலேயே தங்குவதால், சாய்ந்தால் பழைய நிலைக்கு இழுக்கிறது. நம் ஊர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நிரப்புவதற்குப் பம்பு கிடையாது. பின்புறத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வால்வு. அதைத் திறந்தால் ஏரி தானே உள்ளே வருகிறது. ஆனால் முன்பக்கம், படுக்கும் பலகைக்கு அடியில், ஒரு காற்றுத் துளை இருக்கிறது. அதன் திருகு மூடியைக் கழற்றி வைத்தால்தான் வரும். சொம்பைக் கவிழ்த்து அண்டாவுக்குள் அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே தண்ணீர் நிறையாது. எண்ணெய் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டால் எண்ணெய் மூச்சுத் திணறித் திணறி வருகிறது. மளிகைக்காரர் எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டதும் ஒரே சீராகக் கொட்டுகிறது. அதே சங்கதிதான். இருக்கிற காற்று வெளியே போனால்தான் வருகிற தண்ணீருக்கு இடம்.

பையன் மூடியைக் கழற்றினான். துளை வழியே 'உஸ்' என்று காற்று வந்தது. குளிர்ந்த, பாசி வாசனை உள்ள காற்று. பல நிமிஷங்கள் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவன் துளைக்குள் விரலை விட்டு, நனைந்த விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மூடியைத் திருகினான். பின்னால் போய் வால்வையும் அடைத்தான். திரும்பி வந்து, மூடியை மறுபடியும் ஒருமுறை திருகிப் பார்த்தான்.

நிரம்பாத தொட்டி காலித் தொட்டியைவிட நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பாதித் தொட்டித் தண்ணீர் படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்கிறவனைத் தள்ளிவிடுகிற வேலையைச் செய்யும். மூடி சரியாக இறுகாவிட்டாலும் கஷ்டம்: படகு சாயும்போது தொட்டித் தண்ணீர் அறைக்குள் கொப்பளிக்கும், ஒருவேளை புரண்டுவிட்டால், காப்பாற்ற வேண்டிய பாரமே அந்தத் துளை வழியாக ஒழுகிப் போய்விடும். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும். மூட வேண்டிய நேரத்தில் மூட வேண்டும். இத்தனையும் படுக்கைக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல் நடக்கிற காரியம். வெளியே கரையில் நின்று பார்ப்பவனுக்கு நிறைந்த படகும் காலிப் படகும் அநேகமாக ஒன்றாகவே தெரியும்.

அன்றைய சவாரி சுகமாக முடிந்தது. இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, மனைவியும் குழந்தையும் தூங்கப் போனபின், பையன் வாசல் படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் வேறு ஒரு படகின் கதையைச் சொன்னான். 2002 ஜூலை 4, அமெரிக்கர்களின் சுதந்திர தினம். இதே ஏரியில், டைமண்ட் தீவுக்கு அருகில், இதே மாதிரி நீர்ப்பாரத் தொட்டி உள்ள ஒரு 26 அடிப் படகு கவிழ்ந்தது. தொட்டியில் வேண்டிய தண்ணீர் நிரப்பப்படவில்லை. படகை ஓட்டியவர் குடித்திருந்தார். அறைக்குள் இருந்த இரண்டு குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். வழக்கு நடந்து, ஓட்டியவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

"அந்த மனுஷனை ஊரே திட்டிச்சு மாமா. நான் இந்தப் படகை வாங்கினப்போ இந்தக் கதையைப் படிச்சிட்டு நானும் திட்டினேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தன் கதையைச் சொன்னான்.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கோடை நாள். படகில் அவன் மகள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவர். குழந்தைகள் அவசரப்படுத்தினார்கள். பின் வால்வைத் திறந்தான், வழக்கமான நேரம் காத்திருந்தான், அடைத்தான், புறப்பட்டுவிட்டான். நாள் முழுதும் ஏரியில் சுற்றினார்கள். பிற்பகலில் காற்றுக்கூட எழுந்ததாம். படகு இன்றைக்குக் கொஞ்சம் துள்ளுகிறதே என்று நினைத்தானாம், அவ்வளவுதான். மாலையில் கரையேற்றித் தொட்டியை வடிக்க வால்வைத் திறந்தால், வெகுநேரம் கொட்ட வேண்டிய தண்ணீர் ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்தான். காற்றுத் துளையின் மூடி காலையிலிருந்து திருகியபடியே இருந்தது.

"நான் குடிக்கலே. ஆனா தொட்டி காலி. குழந்தைங்க உள்ளேதான் விளையாடிக்கிட்டிருந்தாங்க. அவருக்கும் எனக்கும் என்ன மாமா வித்தியாசம்? அன்னிக்கி ஒன்னும் நடக்கலே, அவ்வளவுதானே?"

மனைவியிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் யாருக்கு என்ன லாபம்? இது அவன் கேள்வி.

கதை எழுதுகிறவனிடம் இப்படிப்பட்ட கேள்விகளைக் கொண்டுவருகிறார்கள். பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்? அன்று, "நேரமாச்சு, படுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டு நான்தான் படுக்காமல் கிடந்தேன்.

வில்லியம் கிளிஃபர்ட் என்று ஓர் ஆங்கிலேயக் கணித மேதை இருந்தார். 1877-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவனுக்கு உண்டு. ஆனால் எத்தனையோ தடவை போய் வந்த கப்பல்தானே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களை ஏற்றி அனுப்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் குற்றவாளி, இதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் கிளிஃபர்ட் அடுத்த படிக்குப் போகிறார்: கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் ஓர் இம்மியும் குறையாது என்கிறார். குற்றம் கப்பல் புறப்பட்டபோதே முடிந்துபோன காரியம். கடல் என்ன செய்தது என்பது வேறு கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன பேச்சு அல்ல இது. 1870-ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவோடு சென்று, சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் அவர்.

இப்படிப் பார்த்தால் பையனும் அந்த 2002-ஆம் வருஷத்து மனிதரும், குடியைத் தவிர, ஒரே தராசில் நிற்க வேண்டியதுதான். புத்தி சரி என்கிறது. மனம் ஒப்புகிறதா? நம் மனுநீதிச் சோழன் கதையை எண்ணிப் பாருங்கள். தேர்ச்சக்கரத்தில் கன்று விழுந்ததனால்தான் ஒரு ராஜகுமாரன் தண்டனைக்கு உள்ளானான். அதே வீதியில், அதே வேகத்தில் எத்தனை ராஜகுமாரர்கள் தேர் ஓட்டியிருப்பார்கள்! அவர்கள் வழியில் கன்று வரவில்லை. அவர்களுக்கு ஒரு கதையும் இல்லை. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், "உன் குழந்தையைக் கொன்றவரும், ஒன்றும் நேராமல் திரும்பி வந்தவரும் ஒன்றுதான், அம்மா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம். நேகல் காட்டும் உதாரணம் ஒன்று நெஞ்சில் தைக்கிறது. குழந்தையைக் குளிக்கும் தொட்டியில் விட்டு, குழாயைத் திறந்தபடி மறந்துபோன ஒருவன் மாடிப்படியில் தாவித் தாவி ஓடுகிறான். மேலே குழந்தை உயிரோடு இருந்தால் அவன் கவனமில்லாதவன், இல்லாவிட்டால் மகாபாவி. அவன் செய்த காரியம் படியேறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. தான் யார் என்பது மட்டும் மாடியில் காத்திருக்கிறது.

இதைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். காரணம் உண்டு. சென்னையில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டு முற்றத்தில், தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. லாரித் தண்ணீர் வாங்குகிற காலம். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க நான் இரும்பு மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். உள்ளே டெலிபோன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர், தொடர்கதையின் அந்த வார அத்தியாயம் வந்து சேரவில்லை என்று கோபம். நான் சமாதானம் சொல்லி, உட்கார்ந்து, அந்த அத்தியாயத்தை எழுதியே முடித்துவிட்டேன். நன்றாக வந்ததாக வாசகர்கள் கடிதம்கூட எழுதினார்கள். அந்தி வேளையில் முற்றத்துக்கு வந்தேன். மூடி திறந்து கிடந்தது. வாய் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி மாடி வீட்டுக் குழந்தையின் ரப்பர் பந்து கிடந்தது. குழந்தைக்கு இரண்டரை வயது. மேலே அது சிணுங்குகிற சத்தம் கேட்கிற வரையில் நான் எப்படி நின்றேன் என்று எழுத இத்தனை வருஷப் பழக்கத்திலும் எனக்கு வார்த்தை வரவில்லை.

மூடியைப் போட்டேன். பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இங்கே கிடந்தது" என்றேன். அந்தத் தாய் எனக்கு நன்றி சொன்னாள்.

அந்த நன்றியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தண்டனை கிடைக்காதது பெரிய விஷயமில்லை. அதிர்ஷ்டம் யாருக்கோ எப்போதோ அடிக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கு உரிமையில்லாத ஒரு நல்ல பெயரையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்தேன். கிளிஃபர்ட் சொல்வது முழுக்கச் சரி என்று நான் ஒப்பமாட்டேன். நடந்ததற்கும் நடக்காததற்கும் வித்தியாசம் உண்டு. உலகம் அந்த வித்தியாசத்தின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. கோர்ட்டும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த வித்தியாசத்தைச் சம்பாதித்தவன் நான் அல்ல. அதை என் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் திருட்டு. ஒன்றும் நடக்காத நாட்களே மூடி கழற்ற மறப்பவனை உருவாக்குகின்றன. நூறு தடவை தொட்டி நிரப்பியவன்தான் நூற்றோராவது தடவை விரலை விட்டுப் பார்க்காமல் வால்வை அடைக்கிறான்.

காலையில் காப்பி குடிக்கும்போது பையனிடம் என் முற்றத்துக் கதையைச் சொன்னேன். சொல்லு, சொல்லாதே என்று ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம் அந்தம்மாகிட்ட சொன்னீங்களா மாமா?" என்றாள் அவள். இல்லை என்றேன். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். குழந்தைக்கு இப்போது கல்யாண வயது இருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டாரும் படகில் வந்தார்கள்: கணவன், மனைவி, அந்த இரண்டு குழந்தைகள். படகு தண்ணீரில் இறங்கியது. பையன் வால்வைத் திறந்தான்; பலகையைத் தூக்கி மூடியைக் கழற்றினான். காற்று 'உஸ்' என்று வந்தது. குழந்தைகள் அதில் கையை வைத்து வைத்துச் சிரித்தார்கள். காற்று நின்றதும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விரலை விட்டுப் பார்க்கச் சொன்னான். நானும் விட்டேன், தண்ணீர் சில்லென்று பட்டது.

"இதை எதுக்கு எல்லாரும் பார்க்கணும்?" என்று பெரிய குழந்தை இங்கிலீஷில் கேட்டது.

பையன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அதைத் துளையில் பொருத்தி, இறுகத் திருகிவிட்டு, குழந்தையின் தகப்பனாரைப் பார்த்து, "ஒரு நிமிஷம் இப்படி உட்காருங்கள், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றான்.