விரும்பியதும் குற்றமா?
கொலை செய்தவன் மட்டும்தான் குற்றவாளியா, அந்தச் சாவை மனதுக்குள் விரும்பியவனுக்கும் அதில் பங்குண்டா? ஜேசுட் பள்ளியில் படித்த கத்தோலிக்கரான ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கை இந்தக் கேள்வி விடவே இல்லை. பட்ரீசியா ஹைஸ்மித்தின் நாவலில் கை என்பவன் கடைசியில் தானும் கொலை செய்கிறான். அதைத் தழுவி ஹிட்ச்காக் இயக்கி 1951-இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்’ படத்திலோ அவன் யாரையும் கொல்வதில்லை; மனைவியின் கழுத்தை நெரிக்கலாம் போலிருக்கிறது என்று ஆத்திரத்தில் தொலைபேசியில் கத்துகிறான், அவ்வளவுதான். வேறொருவன் அதைச் செய்து முடித்ததும், கையும் குற்றவாளியைப் போலவே ஒளிந்து நிற்கிறான். ‘சைக்கோ’வில் (1960) அந்தச் சுமை நம் தலைக்கே வருகிறது. பிணத்தோடு சேற்றில் இறங்கும் கார் பாதியில் நின்றுவிட, கொலையை மறைக்க முயலும் நார்மன் பதறுகிறான். அது மூழ்கித் தொலையாதா என்று நாமும் தவிக்கிறோம்.

இந்தக் கேள்வியை ஹிட்ச்காக்குடையது என்று சொன்னால், சினிமா கூட்டு உழைப்பு, இயக்குநரை மட்டும் படைப்பாளி என்பது அநியாயம் என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ‘சைக்கோ’வின் கதை ராபர்ட் ப்ளாக்குடையது, திரைக்கதை ஜோசப் ஸ்டெஃபானோவுடையது. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றிருந்த ஹிட்ச்காக், பெர்னார்ட் ஹெர்மன் அமைத்ததைக் கேட்ட பிறகே மனம் மாறினார். அந்த வயலின்களின் அலறல் ஹெர்மனின் சாதனை. அதை இயக்குநரின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் ப்ளாக்கும் ஹைஸ்மித்தும் ஒருவரையொருவர் சாராமல் எழுதியவர்கள். அவர்களுடைய கதைகள் திரைக்கு வரும்போது ஒரே அறக்கேள்வியைச் சுமந்து வருகின்றன என்றால், அந்தக் கேள்விக்கு உரியவர் ஹிட்ச்காக்தான்.