காற்றும் கடப்பாடும்

காற்று எவருக்கும் தனியுடைமை அன்று. ஆயின், அதனை மின்னாற்றலாக மாற்றும் பொறிக்கு உடைமையாளர் உண்டு. அப்பொறியை வாங்கும் பணத்திற்கு உரிமையாளர் உண்டு. அது நிற்கும் மண்ணுக்கும் உரியவர் உண்டு. இம்மூவரும் ஒரே நாட்டினராய் இருக்கும்போது எழாத வினா ஒன்று, பணம் கடல் கடந்து வரும்போது எழுகின்றது. வலிய நாட்டின் முதலீட்டை ஏற்கும் எளிய நாடு, தன் உரிமையில் ஒரு பகுதியை இழக்கின்றதா? இழக்குமாயின், அதற்குப் பொறுப்பு கொடுப்பவரைச் சாருமா, கொள்பவரைச் சாருமா?

நமக்கு அண்மையிலேயே இதற்குச் சான்று உள்ளது. தனுஷ்கோடிக்கு எதிரே, கடலுக்கு அப்பால் இருப்பது இலங்கையின் மன்னார்த் தீவு. மீன்பிடித்தலும் பனையும் வாழ்வளிக்கும் மண் அது. ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடமும் அதுவே. அங்கே 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ என்னும் காற்றாலைத் தொகுதி தொடங்கப்பெற்றது. அதற்கான பணம் ஆசிய வளர்ச்சி வங்கி தந்த கடன். அதன் 30 சுழலிகளும் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தினுடையவை. ஆயினும், உடைமை இலங்கை மின்சார சபையிடமே இருந்தது. கடன் தீர்ந்த பின் ஆலை அந்நாட்டிற்கே எஞ்சும்.

அடுத்து வந்த திட்டம் வேறு வகையினது. 2022இல் இலங்கை பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியது. இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது; காலத்தினால் செய்த அவ்வுதவியைச் சிறிதென்று எவரும் கூறார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே இலங்கையின் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, பெரிய திட்டங்களுக்குப் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டும் என்னும் கட்டாயம் நீக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில், மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனத்திற்கு ஒப்புதல் கிடைத்தது, முதலீடு 44.2 கோடி டாலர். 2024 மே மாதத்தில், 484 மெகாவாட் திறனுள்ள அத்திட்டத்தின் மின்சாரத்தை, அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சென்ட் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. அதன்பின் ஆட்சி மாறிற்று. விலை மிகுதி எனக் கருதிய புதிய அரசு 2025 ஜனவரியில் அவ்விலைக்கான ஒப்புதலைத் திரும்பப் பெற்றது; அடுத்த மாதம் நிறுவனம் விலகிக்கொண்டது.

இதில் யார் பக்கம் நியாயம்? முதலீட்டாளரை மட்டும் குறைகூறுவது எளிது, ஆனால் முறையன்று. பெருந்தொகையை முடக்குபவர் விலையில் உறுதி கேட்பது இயல்பே. மேலும், அந்நிய முதலீட்டை மறுத்தால் அந்நியச் சார்பு ஒழிந்துவிடும் என்பதும் இல்லை. காற்றாலை இல்லையேல் நிலக்கரியும் எண்ணெயும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். ஆகவே, சார்பா விடுதலையா என்பதன்று வினா; எத்தகைய சார்பு என்பதே வினா.

சார்ந்து வாழ்வது இழிவன்று. பிறந்த மண்ணை விட்டு வேற்று மொழியினரிடையே உழைத்து வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். அவர்களின்றி நமக்கு வாழ்வில்லை. நம் உழைப்பின்றி அவர்களுக்கும் நிறைவில்லை. இழிவு பிறப்பது எங்கே? ஒருவன் ‘வேண்டாம்’ என்று சொல்ல இயலாத நிலையில் இருக்கும்போது, அவனிடம் ‘சரி’ என்னும் சொல்லைப் பெறுகின்றோமே, அங்கேதான். பசித்திருப்பவனின் கையெழுத்து சட்டப்படி செல்லும். அறத்தின்படி செல்லுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாவது, இழப்பு யார் தலையில் விழுகின்றது என்பது. 2022இன் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் இருந்த இலங்கை ரூபாய், அவ்வாண்டிலேயே 360 அளவுக்கு வீழ்ந்தது. விலையை டாலரில் கட்டிவைத்தால், நாணயம் வீழும்போதெல்லாம் அச்சுமை மின்கட்டணம் செலுத்தும் ஏழையின் தோளுக்கே மாறும். மூன்றாவது, அறிவு தங்குகின்றதா என்பது. நம் நாடும் ஒருகாலத்தில் பிறர் பொறியை நம்பி நின்றதே. 1995இல் தோன்றிய சுஸ்லான் நிறுவனம் ஜெர்மானியத் தொழில்நுட்பத் துணையோடுதான் தொடங்கியது. இன்று சுழலிகளை இங்கேயே ஆக்குகின்றது. கற்றுக்கொள்ள இடந்தரும் சார்பு ஒருநாள் தானே தளரும்; கற்றுத்தராத சார்பு இறுகிக்கொண்டே போகும்.

வள்ளுவர் ஒப்புரவையும் ஈகையையும் இருவேறு அதிகாரங்களில் வைத்தார். நாடுகளுக்கிடையே நிலவவேண்டுவது ஒப்புரவு. ஈகையின் பெயரால் வாணிகமும், வாணிகத்தின் பெயரால் ஆதிக்கமும் நுழையுமாயின், பெறுபவன் நன்றி மறந்தவனாகவும், தருபவன் ஏமாற்றப்பட்டவனாகவும் எண்ணிக்கொள்வர், நட்பு கெடும்.

ஒன்றை மறத்தலாகாது. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்துப் போராடினர். அப்போது அங்கே அமையவிருந்த ஆலைகள் இலங்கை நிறுவனங்களுடையவை. பணம் எந்நாட்டினது என்பதோடு வழக்கு முடிந்துவிடவில்லை என்பதை இது காட்டுகின்றது. கரையில் வலை உலர்த்துபவனைக் கேளாமல் தலைநகரில் கையெழுத்திடுபவர் தம் நாட்டினராயினும், அவனுக்கு அவர் அயலாரே.

இந்தியா இன்று பிற நாடுகளில் முதலிடும் நிலைக்கு உயர்ந்திருக்கின்றது. அது பெருமைக்குரியதே. ஆனால், அயலார் முதலீட்டை நாம் ஏற்கும்போது எவ்வுரிமைகளை நமக்கெனக் கேட்டோமோ, அவற்றை நம்மிடம் பெறுபவருக்கும் வழங்கும் கடப்பாடு நமக்கு உண்டு. தெளிந்த விலை, திறந்த போட்டி, மறுக்கும் உரிமை ஆகிய மூன்றையும் அண்டை நாட்டிற்கு அளித்த பின்னரே, அதன் காற்றில் நமக்கும் பங்கு கேட்கும் தகுதி வரும்.