சுன்னத்தும் கூச்சமும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நம் கடைச் சிப்பந்தி ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் விருந்து வைத்து மகிழ்கிறோம். பிறகு அவர் சுன்னத்துச் செய்துகொள்கிறார். மூன்றாம் நாளே கல்லாவைச் சுற்றிக் கேலி தொடங்கிவிடுகிறது! உணர்ச்சி மங்கிவிடுமோ என்ற அச்சத்தை அவர் யாரிடம் சொல்வார்?

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் எண்பதாம் வயதில் செய்துகொண்டதை எடுத்துச் சொல்கிறோம். நல்லதே. ஆனால் அவருக்கு வேண்டியது விடையல்லவா? தோல் நீங்கிய இடம் துணி பட்டாலே சில வாரம் கூசும், பின்பு தணியும். இல்லறத்துக்கு ஆறு வாரமேனும் பொறுக்கவேண்டும். கென்யாவிலும் உகாண்டாவிலும் வயதுவந்த ஆண்கள் ஆயிரக்கணக்கானோரைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வுகள், இல்லற சுகம் குன்றியதாகக் காணவில்லை. குறைந்ததென்று சொல்வோரும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று.

மார்க்கம் அறிய வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். நாமோ வாயை மூடிக்கொண்டு, அதற்கு ஹயா என்று பெயரிடுகிறோம்.