யார் செய்த பாவம்?

வீரசோழனைச் சுற்றியுள்ளது வானம் பார்த்த பூமி. அங்கே பருத்தியையும் மிளகாயையும் நம்பி வாழும் ஒரு குடும்பத்தை அண்மையில் சந்தித்தோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. வெடிச் சத்தத்திற்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. பிறவியிலேயே செவித்திறன் இல்லை என மருத்துவர்கள் உறுதி செய்துவிட்டனர். பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளுமாவர். "யார் செய்த பாவம், சாமி?" என்று பாட்டி கேட்டார். கேட்டது நம்மிடம், பார்வை முழுவதும் தாயின் மேல்.

பிறவிக் குருடரைக் கண்ட சீடர்களும் ஆண்டவரிடம் இதே வினாவை எழுப்பினர். அவரோ அந்தப் பாவக் கணக்கையே ஏற்கவில்லை. பாட்டிக்கு இதைச் சொல்லித் திரும்பினோம். வழியில் நம் மனச்சான்று வேறொன்று கேட்டது. அத்திருமணத்திற்கு விதிவிலக்கு வேண்டி ஆயருக்கு மடல் எழுதியவர் நாமே அல்லவா? அத்தை மகன், மாமன் மகள் உறவு, திருச்சபைச் சட்டத்தின் 1091-ஆம் விதிப்படி நான்காம் நிலை இரத்த உறவு. அது திருமணத் தடை. தக்க காரணம் இருப்பின் ஆயர் விலக்கு அளிக்கலாம். உறவு நிலையைக் குறித்தோம், காரணத்தை எழுதினோம், பிறக்கவிருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அறிவியல் சொல்வதைச் சற்றே கேட்போம். கண்மாய் நீர் மடை வழியே வயலுக்கு வயல் பாய்வதுபோல, உட்செவியில் உப்புகள் செல்லுக்குச் செல் பாய வேண்டும். அதற்கான வாய்க்காலை அமைக்கும் குறிப்பு ஜி.ஜே.பி.2 என்னும் மரபணுவில் உள்ளது. அது பழுதுற்றால் பிறவியிலேயே காது கேளாமல் போகலாம் என்பது 1997-இல் வெளியாயிற்று. 226 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய அந்தப் புரதம், 71-ஆம் எழுத்து ஒன்று மாறினால், 24-ஆம் இடத்திலேயே முற்றுப்புள்ளி பெற்று நின்றுவிடுகிறது. இந்தியரிடையே இம்மரபணுவில் மிகுதியாகக் காணப்படும் பழுது இதுவே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதி போன்றோர் தமிழகக் குடும்பங்களிடையே இத்துறையை ஆராய்ந்துள்ளனர்.

இப்பழுதின் ஒரு படியை மட்டும் சுமப்பவர் நன்றாகவே கேட்பார். தாய், தந்தை இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே பாட்டனாரிடமிருந்து இருவருக்கும் அது வந்திருக்கக்கூடும் என்பதே நெருங்கிய உறவின் இடர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 28 விழுக்காட்டுத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. அவற்றில் பிறக்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலமாகவே உள்ளனர் என்பதையும் மறக்கலாகாது.

இந்த ஓர் எழுத்தை எவ்வாறு கண்டுபிடிக்கின்றனர்? மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. குழந்தையின் எழுத்துகளைக் கணினி ஒரு மூலப்படியோடு வரிசைப்படுத்தி ஒப்பிடுகிறது. 40 முதல் 50 இலட்சம் வேறுபாடுகள் கிடைக்கும். நலமாயிருப்போரிடமும் பரவலாகக் காணப்படுவதைக் கழித்து, செவியோடு தொடர்புடைய மரபணுக்களில் புரதத்தைக் குலைப்பதை மட்டும் நிறுத்துகிறது. இதுவே உயிரித் தகவலியல். கழிப்பதற்கு ஒரு மக்கள் பதிவேடு தேவை. அதில் நம் மக்கள் இல்லாவிடில், நம்மிடையே இயல்பான ஒன்றையும் நோயென்று கணினி பிழையாகச் சொல்லிவிடும். ஆகவேதான் ஜீனோம் இந்தியா திட்டத்தின் வழியே 10,000 இந்தியரின் மரபுத்தொகுதி, ஃபரிதாபாதிலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்க்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

கணினி எழுத்தைக் காட்டும். அதை என் செய்வது என்று காட்டாது. பாட்டியின் பார்வை சொன்ன பழியை நாளை அச்சடித்த தாள் சொல்லலாம். அந்தத் தாள் ஊருக்குள் கைமாறினால், தங்கையின் திருமணமும் தடைபடும். கருவையே அழிக்கவும் சிலர் அதை ஆயுதமாக்குவர். உண்மையோ வேறு: அந்தத் தாள் தாயைக் குற்றவாளியாக்கவில்லை, தந்தையும் சம அளவில் சுமந்தார் என்றே சொல்கிறது. தாமறியாமல் பெற்றதைத் தாமறியாமல் தந்தவருக்குப் பாவம் ஏது?

மாற்கு நற்செய்தியில், காது கேளாதவரைக் குணமாக்குமுன் இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். மரபணுச் செய்தியைக் கையாளும் முறையும் அதுவே எனத் துணிகிறோம். அறிய வேண்டியவர் அறியட்டும். கூட்டம் அறிய வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் உறவுத் திருமணத்திற்கு ஓலை வாசிக்குமுன் இருவரையும் தனியே அமர்த்தி, குடும்பத்தில் காது கேளாதவர் உண்டா எனக் கேட்கிறோம். உண்டெனில் மரபியல் ஆலோசனைக்கு அனுப்புகிறோம். அக்குழந்தைக்கோ, ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவிக் கருவி பொருத்தப்படுகிறது என்று சொல்லி வழிகாட்டினோம். இப்பழுது உடையோருக்குச் செவி நரம்பு பெரும்பாலும் நலமாயிருப்பதால் கருவி நல்ல பயன் தரும், காலம் தாழ்த்தலாகாது. கருவி பயன் தராவிடினும் அக்குழந்தை இறைவனின் சாயலே. அப்போது நம் கைகள் அதன் மொழியைக் கற்க வேண்டும்.

அதன் திருமுழுக்கில் செவிகளைத் தொட்டு, அவை திறக்கப்பட வேண்டும் என மன்றாடியவரும் நாமே. நம் செவி மூடியிருந்ததை அன்று நாம் அறியவில்லை.