குழி வெட்டப் போகிறவர்கள்

மலாவி நாட்டில், செவா மக்களின் கிராமத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் வயலில் மண்வெட்டி எடுப்பதில்லை. பெண்கள் மக்காச்சோள மாவையும் விறகையும் தலையில் சுமந்து வந்து சேர்கிறார்கள். வீட்டுக்குள் சடலத்தருகே தரையில் உட்கார்ந்து விடிய விடியப் பாடுகிறவர்களும் அவர்களே. ஆண்கள் வெளியே மரத்தடியில் இருப்பார்கள்.

அடுப்பு அணைவதே இல்லை. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் நீளமான மரத்துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகி வந்தால் அதுதான் ந்சிமா, அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடு. வந்தவர் அத்தனை பேருக்கும் கிளறி இறக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அந்தச் சிரமத்தை அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

குழி வெட்டுகிறவர்களை அட்சுகுலு என்கிறார்கள். கூலிக்கு வந்தவர்கள் அல்ல, ஊர்க்காரர்கள்தான். பெட்டியைக் குழியில் இறக்குவதும் மண் தள்ளுவதும் அவர்கள் பொறுப்பு. அடக்கத்துக்கு முன், இறந்தவர் எப்போது படுத்தார், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்பதையெல்லாம் உறவினர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்.

இதில் பாசம் எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு? பிறர் வீட்டுச் சாவுக்குப் போகாதவன் வீட்டுக்கு நாளை ஆள் வராது என்ற பயம் அங்கே உண்டு. அதனால் இதை வெறும் கொடுக்கல் வாங்கல் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. இறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட மண்வெட்டியோடு வந்து நிற்கிறார் என்பதுதான் இந்த வழக்கத்தின் பெருமை. பிடித்தவருக்கு மட்டும்தான் உதவி என்றிருந்தால், ஊரைப் பகைத்துக்கொண்டவனின் மனைவி யாரிடம் போய் நிற்பாள்?

எய்ட்ஸ் காலம் இந்தக் கட்டாயத்தை உலுக்கிப் பார்த்தது. 1990களில் ஒரு குழியின் ஈரம் காய்வதற்குள் அடுத்த குழி வெட்ட வேண்டியிருந்தது. அடக்கத்துக்கு முன் எல்லோர் முன்னிலையிலும் பேசும்போது நோயின் பெயரை மட்டும் பலர் சொல்லாமல் விட்டார்கள். நவம்பர், டிசம்பர் மழையில் விதைக்காவிட்டால் அடுத்த ஆண்டு பட்டினி. ஒவ்வொரு சாவுக்கும் நாள்கணக்கில் வயலை விட்டு உட்கார முடியவில்லை. பல ஊர்களில் துக்க நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். குழி வெட்டப் போவதை மட்டும் விடவில்லை. 2004-ல் அரசு எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சாவுகள் கணிசமாகக் குறைந்தன.

இப்போது லிலோங்வே, பிளாண்டயர் போன்ற நகரங்களில் இருப்பவர் செல்போனிலேயே பணம் அனுப்பிவிடலாம். பெட்டிக்கும் வண்டிக்கும் அந்தப் பணம் தேவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் பேருந்து பிடித்து ஊருக்கு வருகிறவர்கள் நிறையப் பேர்.

வேலைக்காக அந்த நாட்டுக்குப் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உடன் வேலை செய்பவர் வீட்டில் சாவு என்று தெரிந்தால் கவரில் பணம் வைத்து அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். லீவு சொல்லிவிட்டுப் போங்கள். பாஷை தெரியாவிட்டாலும் தரையில் உட்காருங்கள். அடக்கம் முடியும்வரை இருங்கள்.