தாயின் ஈமக்கடனும் காதல்மணமும்

திருவனந்தபுரத்து வலியசாலை, காந்தளூர் மகாதேவர் கோயிலாலும் அதனைச் சூழ்ந்த தமிழ் அந்தணர் தெருக்களாலும் அறியப்படும் பகுதியாகும். வரலாற்றில் பேசப்படும் காந்தளூர்ச்சாலை இதுதானா என்னும் வழக்கு இங்குத் தேவையில்லை. மலையாள நாட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தும் வீட்டுமொழியாகத் தமிழையும் சடங்குநெறியாக ஸ்மார்த்த மரபையும் பேணிவந்த குடும்பங்கள் இத்தகைய அக்கிரகாரங்களுக்கு உரியவை. பல சாதியினரும் மதத்தினரும் கலந்து வாழும் நகரில், கல்வியும் அலுவலும் தெருவுக்கு வெளியே அமைந்துவிட்ட நிலையில், மதம் கடந்த காதல்மணம் நிகழ்வதில் வியப்பில்லை. ஆனால் அதனையொட்டி எழும் அறச்சிக்கல்களுள் மிகக் கடுமையானது மணநாளில் எழுவதன்று. தாய் இறந்த நாளில் எழுவது. வேற்று மதத்தவரை விரும்பி மணந்து வீட்டை நீங்கிய பிள்ளைக்குத் தாயின் ஈமக்கடனில் இடம் உண்டா?

இல்லை என்போர் மரபையே சான்று காட்டுவர். அம்மரபின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் ஆதிசங்கரரின் வரலாறோ வேறொன்றைக் கூறுகிறது. துறவு பூண விடைபெற்றபோது, இறுதிக்காலத்தில் வந்து கடன் செய்வதாகத் தாய் ஆரியாம்பாளுக்கு அவர் வாக்களித்தார். அவ்வாறே காலடிக்குத் திரும்பியபோது, துறவிக்கு அவ்வுரிமை இல்லையெனச் சுற்றத்தார் தடுத்தனர். நெருப்புத் தரவும் மறுத்தனர். தம் வலக்கையிலிருந்து தீக்கடைந்து அவர் தாயை எரியூட்டினார் என்று மாதவீய சங்கர விஜயம் உரைக்கும். தமிழ் மரபில் பட்டினத்தார் பச்சை வாழைமட்டைகளை அடுக்கித் தாயின் உடலுக்குத் தீமூட்டியதாக வழங்கும் கதையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இவை வரலாற்று நிகழ்ச்சிகளா என்பது வேறு வினா. மரபு எதனைப் போற்றிப் பாதுகாத்தது என்பதே இங்குக் கருதற்குரியது.

துறவி, துறவேற்கும்போது தனக்குத்தானே ஈமச்சடங்கு செய்துகொள்பவன், சடங்குமுறையில் இறந்தவன். நம்பூதிரி சமூகத்தில் விலக்கப்பட்டோர்க்கு உயிரோடிருக்கும்போதே பிண்டம் வைக்கும் வழக்கம் இருந்தது. முன்னவன் தானே இறந்தான். பின்னவர் பிறரால் இறந்தோராக்கப்பட்டனர். காதலித்து வெளியேறியவரை 'எங்களுக்குச் செத்தவள்' என்று உறவினர் சொல்லும் சொல்லும் இவ்வழக்கின் எச்சமே எனலாம். இவ்வாறு நோக்கின், விதிப்படி உரிமையற்ற துறவிக்கு மரபு இரங்கியது; தானாக எந்த உறவையும் துறக்காத காதலர்க்கு இரங்கவில்லை. காரணம் வெளிப்படை. துறவி தனியே திரும்புகிறான்; கடன் முடித்துத் தனியே போகிறான். காதலர் துணையோடும் மக்களோடும் திரும்புகின்றனர். தடை பிரிந்துசென்றமைக்கு அன்று, உடன் கொணரும் உறவுக்கே.

அவ்வுறவை ஏற்றுக்கொண்ட குடும்பத்தில் இத்தடை எழுவதில்லை. காந்தியடிகளின் இளைய மகன் தேவதாசும் இராஜாஜியின் மகள் இலட்சுமியும் காதலித்தபோது, இருவர் தந்தையரும் அவர்களைப் பிரிந்து காத்திருக்கச் செய்தனர். 1933இல் பூனாவில் மணம் நிகழ்ந்தது. அது மதம் கடந்ததன்று, வருணம் கடந்தது. எனினும் அக்காலச் சமூகத்திற்கு அதுவே பெரிய மீறல். 1944 பெப்ரவரியில் அதே பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா மறைந்தபோது சிதைக்குத் தீமூட்டியவர் தேவதாசே.

எதிர்வாதம் ஒன்றை எளிதில் தள்ள இயலாது. ஈமக்கடன் வெறும் பிரிவாற்றாமை அன்று. பிண்டமும் மறுமையும் உண்டென்னும் நம்பிக்கையின் செயல். மதமே மாறிய ஒருவர் அதனைச் செய்வது பொய்யாகாதா? இவ்வினா நேர்மையானது. ஆனால் மதம் மாறாமலே வேற்று மதத்தவரை மணந்தவர்க்கு இது பொருந்தாது. மாறியவர்க்கும், மந்திரம் சொல்லும் உரிமையை மறுக்கலாமேயன்றி முகம் காணும் உரிமையை மறுக்க இது காரணமாகாது. நடைமுறையில் இரண்டும் ஒன்றாகவே மறுக்கப்படுகின்றன. மணமான மகளுக்கு மூன்று நாள் தீட்டு மட்டுமே விதிக்கும் முறையில், வெளியே மணந்த மகள் இருமுறை விலக்கப்படுகிறாள்.

சங்கரர் கதையில் ஊன்றி நோக்கத்தக்கது அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது. தாய்க்கு; சுற்றத்தார்க்கு அன்று. அவர்தம் மறுப்பை அவர் மீறியதற்கு அடிப்படையும் அதுவே. இன்றைய வீடுகளிலோ தாயின் விருப்பம் அவள் இறந்தபின் பிறர் வாயாக வெளிப்படுகிறது. 'அம்மா இதை விரும்பமாட்டாள்' என்போர், அவள் உயிரோடிருந்தபோது மகளைக் காண விடாதவர்களாகவும் இருத்தல் கூடும். கணவனுக்கும் மைந்தர்க்கும் அஞ்சி வாய்மூடியிருந்தவளின் மௌனத்தை உடன்பாடாகக் கொள்வது அறமாகாது.

தாய் பேசினால் என்ன பேசுவாள் என்பதற்குச் சங்க இலக்கியம் சான்று தருகிறது. ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலையில் உடன்போகிய மகளை எண்ணித் தாய் இரங்கும் பத்தும், அவர்கள் மீளும் மறுதரவுப் பத்தும் உள்ளன. 399ஆம் பாடலில் நற்றாய், சிலம்புகழி நோன்பு தலைவன் மனையில் நிகழினும் வதுவையேனும் தன் மனையில் நிகழவேண்டும் என்று வேண்டுகிறாள். மதவேற்றுமை அறியாத அகவுலகை இன்றைய சிக்கலின்மேல் அப்படியே ஏற்றுதல் பிழைதான். ஆயினும் கைமீறிச்சென்ற மகளின் சடங்கில் தனக்கொரு பங்கு கேட்கும் அத்தாயின் வேண்டுகோளும், தாயின் சடங்கில் பங்கு கேட்கும் மகளின் வேண்டுகோளும் ஒரே தன்மையன.

சட்டம் இதில் உதவும் அளவு சிறிது. 1850ஆம் ஆண்டின் சாதித் தகுதியின்மை நீக்கச் சட்டம் மதம் மாறியோரின் சொத்துரிமையைக் காத்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், வேற்று மதத்தவரை அதன்படி மணக்கும் இந்துவைக் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதினாலும், வாரிசுரிமையைப் பறிக்கவில்லை. எனவே தாயின் வீட்டில் பங்கு பெறும் மகள், அதே வீட்டு வாயிலில் தாயின் உடல் கிடக்கும்போது தெருவில் நிற்க நேரலாம். அவளை உள்ளே அழைக்கும் சொல்லைத் தாய் உயிரோடிருக்கும்போதே, பலர் அறியச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் துணிவை அவளுக்கு அளிக்கவேண்டியவர்கள் வீட்டிலுள்ள பிறரே.